தேசாதிபதி லூ வலஸ்

‘பென்ஹர்’ நவீனத்தை நம்முட் பலர் படித்திருப்போம். அதை ஆக்கியவர் ஒரு தேசாதிபதி என்பதை அறிந்தவர் சிலரே. 1827இல் இந்தியானாவிற் பிறந்த லூ வலஸ், அமெரிக்க உள்நாட்டு யுத்தத்திற் படைத்தலைவராய் விளங்கியவர். 1862இல் சைலோ போர்க்களத்துக்குப் பிந்தி வந்தாரென்ற பழி அவரை ஆயுள் முழுதும் வருத்திற்று.

1878இல் நியூ மெக்சிக்கோவின் தேசாதிபதியானார். 1912 வரை அது மாநிலமன்று. வாஷிங்டன் நியமித்தவரே அங்கு ஆண்டனர். லிங்கன் பகுதியில் வணிகப் பகையாற் கொலைகள் மலிந்திருந்தன. 1879 மார்ச்சில் பில்லி த கிட் என்னும் இளைஞனை இரவில் இரகசியமாகச் சந்தித்தார். தான் கண்ட கொலைக்குச் சாட்சி கூறினால் வழக்கிலிருந்து விடுவிப்பதாக வாக்களித்தார். அவன் கூறினான். அரசாங்க வழக்கறிஞரோ விடுவிக்க மறுத்தார். மன்னிக்கும் அதிகாரம் தேசாதிபதியிடம் இருந்தது. அவர் அதைப் பயன்படுத்தவில்லை.

பில்லி குற்றமற்றவனென்று நாம் வாதிடவில்லை; பின்னரும் கொலை புரிந்தவனே. ஆயினும் கொடுத்த வாக்கு வாக்கன்றோ? சாந்தா பே மாளிகையில், அநியாயமாய்த் தண்டிக்கப்பட்ட ஓர் இளைஞனின் கதையை அவர் எழுதி முடித்த காலமும் அதுவே. அந்நவீனம் 1880இல் வெளிவந்தது. மறு ஆண்டு பில்லி சிறையிலிருந்து கடிதங்கள் எழுதினான், மன்னிப்பு வரவில்லை. தப்பியோடியவன் ஜூலையிற் சுட்டுக் கொல்லப்பட்டான். அப்பொழுது வலஸ் துருக்கித் தூதுவராய் நியமிக்கப்பட்டிருந்தார், 1905இற் காலமானார்.

அம்மன்னிப்பை வழங்குமாறு 2010இலும் ஆளுநரிடம் விண்ணப்பம் சென்றது. அதுவும் மறுக்கப்பட்டது.