வானத்தில் புது உலகைக் கண்ட குருவானவர்

மூன்று இராசாக்கள் திருநாள் வரும்போதெல்லாம் நம் வீட்டுப் பிள்ளைகள் நட்சத்திரத்தைப் பற்றிக் கேட்பார்கள். வானத்தை உற்று நோக்கியபடியே சர்வேசுரனைத் தேடி வந்த அந்த ஞானிகளைப் போல, வானத்தைப் பார்த்தே தம் சீவியத்தைக் கழித்த ஒரு குருவானவரின் சரித்திரத்தை இவ்வாரம் சொல்லுவோம். வேதமும் சாஸ்திரமும் ஒன்றுக்கொன்று பகை என்று வாதாடுகிறவர்களுக்கு அவருடைய சரித்திரமே தக்க மறுமொழி.

இத்தாலியாவின் வடகோடியில், ஆல்ப்ஸ் மலைகளின் நடுவே, வால்தெல்லீனா என்னும் பள்ளத்தாக்கு உண்டு. அங்கே பொந்தே என்ற சிற்றூரில், 1746-ம் ஆண்டு ஜூலை மாதம் 16-ம் தேதி, கார்மேல் மாதா திருநாளன்று, ஓர் ஆண் குழந்தை பிறந்தது. யுசேப்பே பியாட்சி என்பது அதன் பெயர்; நம் வழக்கப்படி சொன்னால் சூசை. வாலிப வயதில் சூசை மிலான் நகரில் தியாத்தின் சபையில் சேர்ந்தார். 1524-ம் ஆண்டு அர்ச். கயேத்தான் ஸ்தாபித்த சபை அது. சொத்தும் வைத்துக்கொள்ளாமல், பிச்சையும் கேளாமல், தேவ பராமரிப்பை நம்பியே வாழ்வது அதன் ஒழுங்கு.

குருப்பட்டம் பெற்றபின் பியாட்சி சுவாமியார் சபைப் பெரியவர்கள் அனுப்பிய இடமெல்லாம் சென்று போதித்தார். ஜெனோவா, மால்ட்டா, ரவென்னா, ரோமாபுரி என்று ஊர் மாறிற்று; தத்துவ சாஸ்திரம், கணிதம், வேதசாஸ்திரம் என்று பாடமும் மாறிற்று. ரோமாபுரியில் அவரோடு வேதசாஸ்திரம் கற்பித்தவர்களில் ஒருவர் கியாரமொந்தி சுவாமியார். அவரே பிற்காலத்தில் 7-ம் பத்திநாதர் என்ற பெயரோடு பாப்பரசராகி, நெப்போலியனுடைய சிறையில் துன்பப்பட்டவர்.

பின்னர் பியாட்சி சுவாமியார் சிசிலித் தீவின் தலைநகரான பலெர்மோவில் கணித ஆசிரியரானார். அங்கே ஒரு வானசாஸ்திர நிலையம் கட்ட வேண்டுமென்று அரசப் பிரதிநிதி விரும்பினார். பொறுப்பு சுவாமியார் தலையில் விழுந்தது. அதுவரை அவர் பேர்பெற்ற வானசாஸ்திரி அல்ல. ஆகையால் 1787-ம் ஆண்டு, நாற்பது வயதில், மறுபடியும் மாணவனாகப் புறப்பட்டார். பாரீசில் லாலாந்து என்ற பெரிய சாஸ்திரியிடம் கற்றார். இங்கிலாந்தில் ஹெர்ஷல் என்பவரின் பிரமாண்டமான தூரதிருஷ்டிக் கண்ணாடியைப் பார்க்கப் போய், அதன் ஏணியிலிருந்து விழுந்து கையை முறித்துக்கொண்டார். அதனால் அவர் ஊக்கம் முறியவில்லை.

லண்டனில் ராம்ஸ்டன் என்றொரு கைதேர்ந்த கருவித் தொழிலாளி இருந்தார். வேலையில் அவருக்கு நிகரில்லை. சொன்ன நாளில் கொடுக்காததிலும் அவருக்கு நிகரில்லை. அவரிடம் ஐந்தடி விட்டமுள்ள ஒரு வட்டக் கருவியைச் செய்யச் சொல்லிவிட்டு, பட்டறையை விட்டு அகலாமல் சுவாமியார் காத்திருந்தார். இடையிலே வேலை நின்றுபோன போதும் பொறுமையோடு வற்புறுத்தி, 1789-ல் அதை முடித்து வாங்கிக்கொண்டுதான் கப்பலேறினார். நட்சத்திரங்களின் இடத்தை நுட்பமாக அளப்பதற்கு அதைவிட நல்ல கருவி அக்காலத்து ஐரோப்பாவில் இல்லை என்பார்கள். இன்றும் அது பலெர்மோவில் பாதுகாக்கப்பட்டிருக்கிறது.

அரண்மனைக் கோபுரம் ஒன்றின் உச்சியில் நிலையம் எழும்பிற்று. 1791 முதல் சுவாமியாரின் இரவுகள் அங்கேயே கழிந்தன. அவர் மேற்கொண்ட வேலை கேட்பதற்கு அலுப்பானது. வானத்து நட்சத்திரங்களை ஒவ்வொன்றாக அளந்து அட்டவணை எழுதுவதே அது. பிறர் ஒருமுறை பார்த்து எழுதி நகர்ந்துவிடுவார்கள். இவரோ ஒவ்வொரு நட்சத்திரத்தையும் பல இரவுகள் திரும்பத் திரும்பப் பார்த்து, ஒத்து வந்தால்தான் ஏட்டில் ஏற்றுவார்.

அக்காலத்துச் சாஸ்திரிகள் மனதில் ஒரு பெரிய கேள்வி இருந்தது. செவ்வாய்க்கும் வியாழனுக்கும் நடுவே மிகப் பெரிய இடைவெளி கிடக்கிறதே, அங்கே ஒரு கிரகம் ஒளிந்திருக்க வேண்டாமா என்பதே அக்கேள்வி. 1800-ம் ஆண்டு செப்டம்பரில் ஜெர்மன் தேசத்தில் சிலர் கூடி, வானத்தை 24 பங்குகளாகப் பிரித்து, பங்குக்கு ஒருவராகத் தேடத் தீர்மானித்தார்கள். பியாட்சி சுவாமியாரின் பெயரையும் சேர்த்தார்கள். ஆனால் அந்த அழைப்பு அவர் கையில் சேருமுன்பே காரியம் முடிந்துவிட்டது.

1801-ம் ஆண்டு ஜனவரி 1-ந் தேதி. கர்த்தருடைய விருத்தசேதனத் திருநாள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் முதல் இரவு. சுவாமியார் வழக்கம்போல் கோபுரத்திலே இருந்தார். ரிஷப ராசியில் ஒரு நட்சத்திரத்தை அளக்கும்போது, அதனருகே வெறுங்கண்ணுக்குத் தெரியாத மங்கலான ஒரு புள்ளியையும் குறித்துக்கொண்டார். மறுநாள் பார்த்தால் அது சற்றே இடம் மாறியிருந்தது. தம் அளவில்தான் பிழையோ என்று முதலில் ஐயப்பட்டார். மூன்றாம் நாளும் நகர்ந்தது. நாலாம் நாளும் பார்த்து உறுதி செய்துகொண்டார். நிலையான நட்சத்திரம் நகராது. ஆகவே இது வேறொன்று.

அது கிரகமாக இருக்கக்கூடும் என்று அவர் உள்ளத்தில் தோன்றாமலில்லை. மிலான் நகரிலிருந்த தம் சிநேகிதர் ஒரியானி சுவாமியாருக்கு அந்த எண்ணத்தை இரகசியமாக எழுதினார். வெளியாருக்கோ வால்நட்சத்திரம் என்று மட்டுமே தெரிவித்தார். உறுதியாகாத ஒன்றைப் பறைசாற்ற அவர் மனம் இடங்கொடுக்கவில்லை.

பிப்ரவரி 11 வரை 24 இரவுகளில் அதை அளந்தார். பிறகு நோயில் விழுந்தார். இதற்குள் அந்தப் புள்ளி சூரியனை நெருங்கி, அதன் பிரகாசத்திலே மறைந்துபோயிற்று. யுத்த காலமாதலால் கடிதங்கள் ஊர்போய்ச் சேர மாதக்கணக்காயின. அளவுகளை உடனே முழுவதும் வெளியிடவில்லை என்று சாஸ்திரிகள் சிலர் முணுமுணுத்தார்கள். அவர்களுடைய குறையிலும் நியாயம் இல்லாமலில்லை. கண்டெடுத்த பொருள் கைநழுவிவிடும் போலிருந்தது. அந்தச் சில வாரத்து அளவுகளைக் கொண்டு, மாதங்கள் கழித்து அது எங்கே வெளிப்படும் என்று யாரால் சொல்ல முடியும்?

ஜெர்மன் தேசத்தில் காவுஸ் என்ற 24 வயது வாலிபர் அதைக் கணக்கிட்டுச் சொன்னார். அதற்காகப் புதிய கணித முறை ஒன்றையே கண்டுபிடித்தார். அவர் காட்டிய இடத்தை ஒட்டியே 1801 டிசம்பரில் ஸாக் என்பவரும், சரியாக ஓராண்டு நிறைந்த 1802 ஜனவரி 1-ந் தேதி ஓல்பர்ஸ் என்பவரும் அதைத் திரும்பக் கண்டார்கள். காவுஸின் கணிதத்துக்கு உயிர் கொடுத்தது எது? பலெர்மோ கோபுரத்தில் ஒரு குருவானவர் இரவு இரவாக எழுதிவைத்த பிழையற்ற அளவுகளே.

கிரகங்களுக்குப் பழைய ரோமையரின் தேவதைகள் பெயரை இடுவது வழக்கம். அதன்படி, சிசிலியின் கோதுமை வயல்களுக்கு உரியவளாக முன்னோர் எண்ணிய சேரஸ் என்பவளின் பெயரையும், தம் அரசரான பெர்தினாந்தின் பெயரையும் சேர்த்துச் சுவாமியார் சூட்டினார். சேரஸ் என்பதே நிலைத்தது. அரசர் மகிழ்ந்து, சுவாமியாரின் உருவம் பொறித்த தங்கப் பதக்கம் வார்ப்பிக்க விரும்பினார். சுவாமியாரோ, அந்தப் பணத்துக்கு நிலையத்துக்கு வேண்டிய வேறொரு தூரதிருஷ்டிக் கண்ணாடி வாங்கித் தரும்படி கேட்டுக்கொண்டார். அர்ச். கயேத்தானின் பிள்ளைக்கு அடுத்த செய்கை அல்லவா இது!

புகழ் வந்தபின்பும் அவர் பழைய அட்டவணை வேலைக்கே திரும்பினார். 1803-ல் ஒன்றும், 1814-ல் 7,646 நட்சத்திரங்கள் கொண்ட மற்றொன்றுமாக வெளியிட்டார். சிசிலியின் எடை அளவுகளை ஒழுங்குபடுத்துவதிலும் உழைத்தார். 1817-ல் நேப்பிள்ஸ் நகரத்து நிலையத்தைக் கட்டி முடிக்கும் பொறுப்பும் அவரிடம் வந்தது. அந்த நகரிலேயே 1826-ம் ஆண்டு ஜூலை 22-ம் தேதி, எண்பதாம் வயதில், தம்மைச் சிருஷ்டித்தவரிடம் போய்ச் சேர்ந்தார்.

அவர் கண்ட புள்ளியைப் பற்றி இன்று நாம் அதிகம் அறிவோம். சுமார் 940 கிலோமீட்டர் விட்டமுள்ள உருண்டை அது. செவ்வாய்க்கும் வியாழனுக்கும் நடுவே சுற்றும் இலட்சக்கணக்கான சிறுகோள்களுக்குள் அதுவே பெரியது. சூரியனை ஒருமுறை சுற்ற நாலரை வருஷத்துக்குச் சற்று அதிகமாகிறது. முதலில் கிரகம் என்றார்கள். பிறகு சிறுகோள் என்றார்கள். 2006-ல் குறுங்கிரகம் என்று தீர்மானித்தார்கள். 2015 மார்ச்சில் டான் என்ற அமெரிக்க விண்கலம் அதை அடைந்து, 2018 வரை சுற்றிச் சுற்றிப் படம் எடுத்தது. அதன் மேல்மண் களிமண்ணும் கரியும் கலந்தது. தன்மேல் விழும் வெளிச்சத்தில் பத்தில் ஒரு பங்குகூடத் திருப்பி அனுப்பாத கறுப்பு. ஆனால் ஒரு பெரிய பள்ளத்தின் நடுவே வெண்மையாக மின்னும் இடங்கள் தெரிந்தன. உள்ளிருந்து கசிந்த உப்புநீர் வற்றிப் படிந்தது அது. சலவைச் சோடா இனத்து உப்பு. மண்ணுக்கடியில் உறைந்த நீரும் நிறைய உண்டு.

1923-ல் சிறுகோள்களின் வரிசையில் ஆயிரமாவது இடத்தைப் பெற்ற ஒன்று கண்டுபிடிக்கப்பட்டபோது, அதற்குப் பியாட்சி சுவாமியாரின் பெயரையே வைத்தார்கள். அதுவும் கரி மிகுந்த கறுப்புக் கோளே.

அன்பான பெற்றோர்களே, இதை உங்கள் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். பியாட்சி சுவாமியார் புதையல் தேடிப் போகவில்லை. தமக்கு இடப்பட்ட, எவரும் பாராட்டாத வேலையை, நேற்றுச் செய்ததை இன்றும் சரிபார்க்கும் பொறுமையோடு செய்தார். அந்தப் பொறுமை இல்லாவிட்டால் அந்த மங்கலான புள்ளி ஏட்டில் தவறான ஒரு நட்சத்திரமாகவே நின்றிருக்கும். அடுப்பங்கரையிலும், வயலிலும், பள்ளிக்கூடப் பலகையின்மேலும் நமக்கும் அப்படிப்பட்ட வேலைகள் உண்டு. மனிதர் காணாவிட்டாலும் அவற்றைக் காண்கிறவர் ஒருவர் இருக்கிறார்.