அதிபரைக் காட்டில் தூங்கவைத்த ஜான் மியூர்: அந்த 3 இரவுகளில் நடந்தது என்ன?

1903, மே மாதம். கலிஃபோர்னியாவின் யோசெமிட்டிக்கு அமெரிக்க அதிபர் தியடோர் ரூஸ்வெல்ட் வருகிறார். விருந்து, வாணவேடிக்கை என ஏற்பாடுகள் தடபுடலாக நடக்கின்றன. அதிபரோ அதையெல்லாம் விட்டுவிட்டு, 65 வயது தாடிக்காரர் ஒருவருடன் காட்டில் தங்கக் கிளம்பிவிட்டார். அந்தத் தாடிக்காரர்தான் ஜான் மியூர்.

யார் இந்த மியூர்?

1838-ல் ஸ்காட்லாந்தில் பிறந்தவர். 1849-ல் குடும்பத்தோடு அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்தார். இயந்திர வேலையில் கில்லாடி. ஆனால் 1867-ல் தொழிற்சாலையில் ஒரு விபத்து. கருவி குத்தி வலது கண் பார்வை போனது. பல வாரங்கள் இருட்டறையிலேயே கிடந்தார். பார்வை திரும்பியதும் வேலைக்கு முழுக்குப் போட்டுவிட்டு, ஃபுளோரிடா வரை சுமார் 1,600 கி.மீ. நடந்தே போனார். அடுத்த ஆண்டு கலிஃபோர்னியா வந்து, சியரா நெவாடா மலையில் ஆட்டு மந்தையோடு திரிந்தார்.

அங்கேதான் அவருக்கு உறைத்தது. மந்தைகள் புல்வெளிகளை மொட்டையடித்தன. ஆயிரக்கணக்கான ஆண்டுகள் வாழ்ந்த ராட்சத செக்கோயா மரங்களை வியாபாரிகள் வெட்டிச் சாய்த்தனர். மியூர் எழுத ஆரம்பித்தார். 1890-ல் யோசெமிட்டி தேசியப் பூங்கா உருவானது. 1892-ல் சியரா கிளப்பைத் தொடங்கினார்.

அதிபரிடம் என்ன கேட்டார்?

பூங்கா வந்தும் ஒரு சிக்கல் இருந்தது. யோசெமிட்டி பள்ளத்தாக்கும், ராட்சத மரங்கள் நிற்கும் மாரிபோசா தோப்பும் மாநில அரசின் கையிலேயே இருந்தன. பராமரிப்பு சரியில்லை, மத்திய அரசே எடுத்துக்கொள்ள வேண்டும் என்பது மியூரின் கோரிக்கை.

முதல் இரவு, மாரிபோசா செக்கோயாக்களின் அடியில் போர்வை விரித்துப் படுத்தார்கள். இரண்டாம் இரவு மலை உச்சிப் பக்கம். விடிந்தபோது போர்வை மேல் பனி. மூன்றாம் இரவு பள்ளத்தாக்கில். நெருப்பு மூட்டி உட்கார்ந்து மியூர் பேசினார், அதிபர் கேட்டார். 1906-ல் அந்த இரண்டு இடங்களும் தேசியப் பூங்காவோடு இணைந்தன.

அப்போ மியூர் ஜெயித்துவிட்டாரா?

பாதிதான். அதே பூங்காவுக்குள் இருக்கும் ஹெட்ச் ஹெட்ச்சி பள்ளத்தாக்கில் அணை கட்ட, சான் பிரான்சிஸ்கோ நகரம் அனுமதி கேட்டது. குடிநீருக்காக. 1908-ல் முதல் அனுமதி தந்தது, கூடவே படுத்துறங்கிய ரூஸ்வெல்ட்டின் அரசேதான்! மியூர் விடாமல் போராடினார். 1913-ல் நாடாளுமன்றமும் ஓகே சொல்லிவிட்டது. அடுத்த ஆண்டு, டிசம்பர் 24-ல் அவர் இறந்துபோனார்.

மாரிபோசா மரங்கள் இன்றும் நிற்கின்றன. ஹெட்ச் ஹெட்ச்சி தண்ணீருக்கு அடியில் கிடக்கிறது.