உலக அரங்கில் நின்ற தமிழ் இளைஞர்: வேதநாயகம் சாமுவேல் அசரியா



கோலாலம்பூரில் பிரிக்பீல்ட்ஸ் என்னும் பகுதியை உங்களுள் பலர் கண்டிருப்பீர்கள். அங்கே பாடாங் பெலியா என்றொரு சாலை உண்டு. இளைஞர் திடல் என்பது அம்மலாய்ப் பெயரின் பொருள். அச்சாலையில் இடம்பெற்றிருக்கும் ஒய்.எம்.சி.ஏ. என்னும் வாலிபர் கிறிஸ்தவச் சங்கம், கோலாலம்பூரில் 1905-ஆம் ஆண்டில் தோன்றியதாகும். செவிப்புலன் இழந்தோருக்கு அது ஆற்றிவந்த தொண்டினால் இந்நாட்டில் அதன் பெயரைப் பல இனத்தாரும் பல சமயத்தாரும் அறிவர். இச்சங்கத்தின் வழியாக உலக அரங்கிற்குச் சென்ற தமிழர் ஒருவரின் வரலாற்றை இவ்வாண்டு மலரில் உங்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

முதலில் சங்கத்தின் பிறப்பைச் சுருக்கமாக அறிந்துகொள்வோம். 1844-ஆம் ஆண்டு ஜூன் 6-ஆம் நாள், லண்டன் மாநகரில் ஜார்ஜ் வில்லியம்ஸ் என்னும் துணிக்கடைச் சிப்பந்தி தம் தோழர் சிலரைக் கூட்டி இதனைத் தொடங்கினார். கிராமங்களிலிருந்து நகரத்துக் கடைகளுக்கு வேலை தேடி வந்த இளைஞர்கள் கெட்ட வழியில் செல்லாமல் கூடிப் பேசவும் படிக்கவும் ஓரிடம் வேண்டும் என்பதே அவரது எண்ணம். பதினோராண்டுகளுக்குப் பின், 1855-இல், பல நாட்டுச் சங்கங்கள் பாரிசில் கூடி உலகக் கூட்டமைப்பொன்றை ஏற்படுத்தின. செஞ்சிலுவைச் சங்கத்திற்கு வித்திட்ட ஹென்றி டூனான்ட் என்பாரும் அம்முயற்சியில் பங்குகொண்டவரே. அமெரிக்காவில் 1885-ஆம் ஆண்டு டட்லி என்பவர் ஏழு சிறுவர்களை ஓர் ஏரிக்கரைக்கு அழைத்துச் சென்று கூடாரமடித்துத் தங்கவைத்தார். இன்று சாரணரும் பிறரும் நடத்தும் இளைஞர் முகாம்களுக்கு அது ஒரு முன்னோடி. நீங்கள் மாலைதோறும் திடலில் ஆடுகின்ற கைப்பந்தும், கூடைப்பந்தும் இச்சங்கத்து ஆசிரியர்கள் கண்டுபிடித்த ஆட்டங்கள்தாம் என்றால் வியப்படைவீர்கள்!

இனி நம் வரலாற்று நாயகரைக் காண்போம்.

தமிழகத்தின் தென்கோடியில், அந்நாளைய திருநெல்வேலி மாவட்டத்தில், பனைமரங்கள் சூழ்ந்த செம்மண் நிலத்தில் வெள்ளாளன்விளை என்றோர் ஊர் உண்டு. அவ்வூரில் 1874-ஆம் ஆண்டு ஆகஸ்டு 17-ஆம் நாள் அசரியா பிறந்தார். தந்தையார் தாமஸ் வேதநாயகம் அவ்வூர்த் திருச்சபையின் குரு. தாயார் பெயர் எலன். பதின்மூன்று ஆண்டுகள் மகப்பேற்றுக்காகக் காத்திருந்து பெற்ற பிள்ளையாதலின், விவிலியத்தில் அவ்வாறே காத்திருந்து பெறப்பட்ட சாமுவேலின் பெயரை அவருக்குச் சூட்டினர். 1889-இல் தந்தையார் மறைந்தார். தாயின் அரவணைப்பில் வளர்ந்த சிறுவர் மெஞ்ஞானபுரத்திலும் பாளையங்கோட்டையிலும் பயின்று, பின்னர்ச் சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியை அடைந்தார்.

கல்லூரியில் அவர் எடுத்த பாடம் கணிதம். நன்றாகப் படித்தார். ஆனால் பட்டத் தேர்வு நெருங்கிய வேளையில் நோய் கண்டது. தேர்வு எழுத இயலாமற் போயிற்று. அடுத்த முறை எழுதலாம் என்று பிறர் கூறியும், அவர் அதனை நாடாமல் வேறு பணியை ஏற்றுக்கொண்டார். (பிள்ளைகளே, தேர்வு வேண்டாமென்று இதற்குப் பொருள் கொள்ளாதீர்கள். பட்டம் பெறாத அவர் வாழ்நாள் முழுவதும் படித்துக்கொண்டே இருந்தார் என்பதையும், 1920-இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம் அவருக்கு மதிப்பியல் டாக்டர் பட்டம் வழங்கியது என்பதையும் சேர்த்து நினைவிற் கொள்ளுங்கள்.)

அவர் ஏற்ற பணி ஒய்.எம்.சி.ஏ. செயலாளர் பணி. ஆண்டு 1895, வயது ஏறத்தாழ இருபத்தொன்று. சென்னைச் சங்கம் 1890-இல்தான் தொடங்கப்பெற்றிருந்தது. அசரியா தென்னிந்தியாவெங்கும் சுற்றினார். கல்லூரி விடுதிகளிலும் சிற்றூர்களிலும் இளைஞர்களைக் கூட்டினார். சேலத்தில் பிறந்த கே. டி. பால் என்பாரும் அவருடைய நண்பர். பிற்காலத்தில், 1916-இல், ஒய்.எம்.சி.ஏ.வின் தேசியப் பொதுச் செயலாளராக முதன்முதலில் அமர்ந்த இந்தியர் இவரே. தமிழ் மண் அச்சங்கத்திற்கு அளித்த இருவரும் இணைந்தே பல செயல்களைச் செய்தனர்.

1896-இல் அமெரிக்காவிலிருந்து செர்வுட் எட்டி என்னும் இளைஞர் சங்கப் பணிக்காக வந்துசேர்ந்தார். அவர் தமிழ் கற்றார். அசரியாவோடு ஊர் ஊராகச் சென்றார். ஒரே வண்டியில் பயணம், ஒரே கூரையின்கீழ் உறக்கம். அந்நாளில் வெள்ளையர் ஒருவரும் இந்தியர் ஒருவரும் இவ்வாறு சமமாகப் பழகியது அரிய செய்தி. இந்நட்பு இறுதிவரை நீடித்தது. இதனை நான் ஏன் வற்புறுத்திச் சொல்கிறேன் என்பது பின்னர் விளங்கும்.

1898-இல் அசரியாவுக்குத் திருமணம் நிகழ்ந்தது. மணமகள் அன்பு மரியம்மாள், தென்னிந்தியக் கிறிஸ்தவப் பெண்களுள் கல்லூரிக் கல்வியை முதலில் எட்டிய சிலருள் ஒருவர். நான்கு ஆண்மக்களும் இரண்டு பெண்மக்களும் பிறந்தனர்.

1902-ஆம் ஆண்டில் அவர் யாழ்ப்பாணம் சென்றார். பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குடியிருப்புகளில் வாழ்ந்த யாழ்ப்பாணத்துக் குடும்பங்களை நம் முதியோர் நன்கறிவர். அவர்களுடைய தாயகமே அது. அங்கிருந்த தமிழ்க் கிறிஸ்தவர்கள் பிறர் கையை எதிர்பாராமல், தாமே பொருள் சேர்த்து, தம்முள் ஒருவரைக் கடல் கடந்து தமிழகக் கரைக்குத் தொண்டாற்ற அனுப்பியிருந்தனர். அசரியா இதனைக் கண்டு சிந்தனையில் ஆழ்ந்தார். எண்ணிக்கையில் மிகுந்த திருநெல்வேலியார் இதுகாறும் பிறரிடம் பெற்றுக்கொண்டிருந்தனரேயன்றிப் பிறருக்குக் கொடுக்கவில்லை என்பது அவர் உள்ளத்தை வருத்தியது. ஊர் திரும்பியதும் நண்பர்களைக் கூட்டினார். 1903-ஆம் ஆண்டு பிப்ரவரி 12-ஆம் நாள் பாளையங்கோட்டையில் இந்திய மிஷனெரி சங்கம் பிறந்தது. ஆட்களும் இந்தியர், பொருளும் இந்தியருடையது, நிருவாகமும் இந்தியர் கையில் என்பதே அதன் விதி. 1905-ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் நாளன்று வங்காளத்துச் செராம்பூரில் இதே நோக்குடைய தேசிய சங்கமொன்றும் தோன்றியது. அதிலும் அசரியாவும் பாலும் முன்னின்றனர்.

1907-ஆம் ஆண்டு ஏப்ரல் திங்களில் ஜப்பான் நாட்டுத் தோக்கியோ நகரில் உலக மாணவர் கிறிஸ்தவக் கூட்டமைப்பின் மாநாடு கூடிற்று. 1895-இல் சுவீடன் நாட்டில் ஜான் மாட் என்னும் அமெரிக்கரின் முயற்சியால் உருவான இக்கூட்டமைப்பு, ஆசியாவில் நடத்திய முதல் உலக மாநாடு இதுவேயாகும். 25 நாடுகளிலிருந்து 600-க்கும் மேற்பட்டோர் வந்திருந்தனர். அசரியாவும் சென்றார். இந்தியாவிலிருந்து ஜப்பான் செல்லும் கப்பல்கள் நம் மலாக்கா நீரிணை வழியாகத்தான் செல்லும் என்பதைப் புவியியல் பாடத்தில் படித்திருப்பீர்கள். அம்மாநாட்டில் சீனரும் ஜப்பானியரும் இந்தியரும் மேடையேறிப் பேசினர். விருந்தோம்பலையும் ஏற்பாடுகளையும் ஜப்பானிய இளைஞர்களே தாங்கினர். வெள்ளையரின் பின்னால் நின்றே பழகிய ஆசியர்கள், அவர்களுடன் ஒரு வரிசையில் அமர்ந்திருந்த காட்சி எளிதில் மறக்கக்கூடியதா?

அடுத்து அவர் செய்தது பலரைத் திகைக்கவைத்தது. சங்கத்தில் பதினான்கு ஆண்டுப் பணி, நற்பெயர், நாடெங்கும் நண்பர்கள். அனைத்தையும் விட்டு, 1909-இல் ஐதராபாத் நிஜாம் ஆட்சிப் பகுதியிலிருந்த தோர்ணக்கல் என்னும் சிற்றூருக்குக் குடிபெயர்ந்தார். தாம் தொடங்கிய சங்கம் ஊழியரை அனுப்பிய இடம் அது. பிறரைப் போகச் சொல்லிக்கொண்டே தாம் நகரத்தில் இருப்பது அவருக்குப் பொருந்தவில்லை. காடு சூழ்ந்த அவ்விடத்தில் முதலில் கூடாரத்தில் தங்கினார். சிறுவர் முகாமில் ஒரு வாரம் கூடாரத்தில் தூங்குவது இன்பம். குடும்பத்தலைவர் ஒருவர் அதனை வீடாகக் கொள்வது வேறு! மக்கள் மொழி தெலுங்கு. முப்பத்தைந்தாம் வயதில் அரிச்சுவடியிலிருந்து அம்மொழியைக் கற்கத் தொடங்கினார்.

இந்நிலையில் 1910-ஆம் ஆண்டு ஜூன் திங்களில் ஸ்காத்லாந்தின் எடின்பரோ நகரில் உலக மாநாடொன்று நடைபெற்றது. ஜான் மாட் தலைமை தாங்கினார். வந்திருந்த பேராளர் சுமார் 1,200. அவருள் ஆசியர் இருபது பேர் கூட இல்லை. ஒரு மாலைப்பொழுதில் அசரியா பேச அழைக்கப்பெற்றார்.

அவர் என்ன பேசினார்? நம் பாட்டனார் காலத்துத் தோட்டங்களை நினைத்துக்கொள்ளுங்கள். துரை பங்களாவின் படிக்கட்டுக்குக் கீழே நின்றுதான் நம்மவர் பேச முடியும். துரை நல்லவராக இருக்கலாம். நோயுற்றால் மருந்தும் கொடுக்கலாம். ஆயினும் படிக்கட்டு படிக்கட்டுத்தான். இத்தகைய படிக்கட்டு இந்தியாவிலிருந்த வெள்ளைக் குருமார்க்கும் இந்திய ஊழியர்க்குமிடையே இருந்ததை அசரியா எடுத்துரைத்தார். ஆண்டுக்கணக்கில் ஒன்றாக உழைத்தும் ஒருவர் வீட்டுக்கு மற்றவர் செல்லாமை, ஒரே மேசையில் உணவு கொள்ளாமை, சமமாகக் கைகுலுக்காமை ஆகியவற்றைச் சுட்டிக்காட்டினார். அயல்நாட்டார் செய்த தியாகத்தை அவர் மறுக்கவில்லை. அவர்கள் தம் உடைமைகளை ஏழைகளுக்குக் கொடுத்ததையும், தம் உடலையே வருத்திக்கொண்டதையும் நன்றியோடு ஒப்புக்கொண்டார். அவற்றோடு நட்பையும் தருமாறு வேண்டித் தம் உரையை முடித்தார்.

மண்டபத்தில் சலசலப்பு எழுந்தது. சிலர் முகம் சுளித்தனர். அவரைப் போன்ற பணியாளருக்கு ஆதரவளித்துவந்த சமூகத்தாரே அங்கு நிறைந்திருந்தனர் என்பதை எண்ணிப் பார்த்தால், அவ்வுரைக்கு எத்துணைத் துணிவு வேண்டியிருந்திருக்கும் என்பது புலனாகும். செர்வுட் எட்டியைப் போன்ற நண்பரை அடைந்திராவிடின், அவர் வெறுப்போடு பேசியிருக்கக் கூடும் என்பது என் கருத்து. நட்பு இயலும் என்பதைத் தம் வாழ்வில் கண்டவராதலால்தான் அதனைக் கேட்டுப் பெற விழைந்தார். நூறாண்டுகளுக்கு மேலாகியும் அம்மாநாட்டின் உரைகளுள் இன்றுவரை பேசப்படுவது அத்தமிழரின் உரையே.

1912-ஆம் ஆண்டு டிசம்பர் 29-ஆம் நாள் கல்கத்தாவின் தூய பவுல் பேராலயத்தில் அசரியா பேராயராகத் திருநிலைப்படுத்தப்பட்டார். ஆங்கிலிக்கத் திருச்சபையில் அப்பதவியை அடைந்த முதல் இந்தியர் அவரே. இந்தியர் ஒருவரின்கீழ் வெள்ளையர் பணிபுரிவதா என்று எதிர்ப்பும் எழுந்தது. அவர் விடையளிக்கவில்லை, மாட்டுவண்டி ஏறிச் சிற்றூர்களுக்குப் போய்விட்டார்.

அவர் பணியாற்றிய மக்களுள் பெரும்பாலோர் நிலமற்ற கூலியுழவர், சாதியின் பெயரால் ஊருக்கு வெளியே ஒதுக்கப்பட்டவர். கடன், குடி, அழுக்கு, நோய் ஆகிய நான்கையும் அவர்களுடைய பகைகளாகக் கண்டு போராடினார், பள்ளிகள் அமைத்தார். சமயமாற்றம் பற்றிக் காந்தியடிகளுக்கும் அவருக்கும் கருத்து வேறுபாடு இருந்தது. எனினும் 1932-இல் சமயவாரித் தனித்தொகுதிகளை அரசு அறிவித்தபோது, தம் சமூகத்திற்குத் தனிச்சலுகை வேண்டாமென்று எதிர்த்தவர்களுள் அசரியாவும் ஒருவர்.

தோர்ணக்கல்லில் அவர் எழுப்பிய பேராலயம் கட்டிமுடியக் கால் நூற்றாண்டு சென்றது. 1939-ஆம் ஆண்டு ஜனவரி 6-ஆம் நாள் திறப்பு விழா கண்டது. ஐரோப்பியக் கோபுரம் அதில் இல்லை. பள்ளிவாசலை நினைவூட்டும் குவிமாடங்களும், கோயில் மண்டபத்தைப் போன்ற தூண்களும் அதனை அணிசெய்கின்றன. படம் கிடைத்தால் பாருங்கள்.

அதற்குச் சில நாள் முன்பாக, 1938 டிசம்பரில், சென்னையை அடுத்த தாம்பரத்தில் மற்றொரு உலக மாநாடு நடந்தேறியது. எடின்பரோவில் விரல்விட்டு எண்ணக்கூடியவராயிருந்த ஆசிய, ஆப்பிரிக்கப் பேராளர்கள் இம்முறை ஏறக்குறையப் பாதியளவில் இருந்தனர். ஜான் மாட் மீண்டும் தலைமை வகித்தார். கூடிய இடம், அசரியா பட்டம் பெறாமல் வெளியேறிய அதே கிறிஸ்தவக் கல்லூரியின் புதிய வளாகம்!

பிரிந்து கிடந்த தென்னிந்தியத் திருச்சபைகளை ஒன்றாக்க வேண்டும் என்று 1919-இல் தரங்கம்பாடியில் அவர் தொடங்கிவைத்த முயற்சி மட்டும் அவர் காலத்தில் கைகூடவில்லை. 1944-ஆம் ஆண்டின் இறுதிவரை ஊர்ப் பயணங்களை நிறுத்தாதவர், 1945-ஆம் ஆண்டு புத்தாண்டு நாளன்று தோர்ணக்கல்லில் உயிர்நீத்தார். வயது எழுபது. இந்தியா விடுதலை பெற்ற ஆறு வாரங்களுக்குப் பின், 1947 செப்டம்பர் 27-ஆம் நாள், தென்னிந்தியத் திருச்சபை சென்னையில் பிறந்தது.