நீலச் சட்டைப் பையன்களின் பேராசிரியர்

டிப்ளமோதானா என்று இழுக்கிற சொந்தக்காரர் நம்மில் யாருக்குத்தான் இல்லை? எனக்கும் மாமா ஒருத்தர் இருக்கார். அவருக்குச் சொல்ல நினைத்த ஒரு வாழ்க்கையை உங்களுக்குச் சொல்றேன்.

ஹெய்கே காமர்லிங் ஓன்னஸ் 1853-ல் நெதர்லாந்தின் குரோனிங்கன் நகரில் பிறந்தார். 29 வயதில் லைடன் பல்கலைக்கழகப் பேராசிரியர். எதையும் அளந்துதான் அறியணும் என்பது அவர் கொள்கை. அளக்கக் கருவி வேணுமே! சொந்தப் பட்டறையிலேயே செய்ய வைத்தார். 1901-ல் கருவி செய்பவர்களுக்கென்று பயிற்சிப் பள்ளியே தொடங்கினார். நீலச் சட்டை போட்ட அந்தப் பையன்கள் உலோக வேலையும் கண்ணாடி ஊதுவதும் பழகியது அவரிடம்தான். நம்ம ஒர்க்‌ஷாப் மாதிரியே!

1908 ஜூலை 10. விடியற்காலையில் தொடங்கிய வேலை, சாயங்காலம்தான் பலித்தது. உலகிலேயே முதல்முறையாக ஹீலியம் திரவமானது. கிடைத்தது 60 மில்லி. குளிர் மைனஸ் 269 டிகிரி. இயந்திரங்களைக் கவனித்தவர் டெக்னீஷியன் கெரித் ஃப்ளிம். கண்ணாடி ஊதியவர் ஆஸ்கர் கெஸ்ஸெல்ரிங்.

1911 ஏப்ரலில் பாதரசத்தை அந்தக் குளிரில் வைத்தார்கள். 4.2 கெல்வினில் மின்தடை சட்டென்று காணாமல் போயிடுச்சு! அதுதான் மீக்கடத்துதிறன். 1913-ல் நோபல் பரிசு.

உடனே பெரிய மின்காந்தம் செய்ய ஆசைப்பட்டார். நடக்கலை. காரீயக் கம்பியில் மின்னோட்டம் கூடினாலும், காந்தப்புலம் சில நூறு காஸ் ஏறினாலும் அந்த நிலை கலைந்தது. முக்காலி மாதிரிதான் இதுவும்: வெப்பநிலை, காந்தப்புலம், மின்னோட்டம். மூணில் ஒண்ணு எல்லை மீறினாலும் சாய்ந்துவிடும். 1926-ல் அவர் மறையும்வரை அந்த ஆசை நிறைவேறலை. பின்னாளில் வந்த நியோபியம்-டைட்டானியம் கம்பிதான் இன்று எம்.ஆர்.ஐ. ஸ்கேனில் அதைச் சாதிக்கிறது. 1986-ல் கண்டுபிடித்த தாமிர ஆக்சைடுகள் இன்னும் அதிக வெப்பநிலையிலும் மீக்கடத்துகின்றன. ஏன் என்பதற்கு எல்லோரும் ஏற்கும் விடை இன்னும் இல்லை.

ஒண்ணு மட்டும் எனக்கு உறுத்துது. பாதரசத்தின் மின்தடையை அளந்தவர் அவரிடம் உதவியாளராக இருந்த கில்லஸ் ஹோல்ஸ்ட். கண்டுபிடிப்பைச் சொன்ன கட்டுரையில் ஆசிரியராக ஓன்னஸ் பெயர் மட்டுமே. பெரிய மனுஷனிடமும் அந்தக் குறை இருந்தது.

நாளைக்கு நாம் சூப்பர்வைசர் ஆனால், ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போடுமுன் கூட வேலை செஞ்சவன் பெயரையும் எழுதுவோம். மாமாவுக்கு இந்த மலரையே கொடுத்துடப் போறேன்!