கடலடி வெள்ளியும் கப்பல் தச்சரும்

ஆடு மேய்த்து, பின் உளி பிடித்துப் பிழைத்த ஒருவர் ஆளுநராக உயர்ந்த வரலாறே வில்லியம் பிப்ஸின் வரலாறு.

1651இல் வட அமெரிக்காவின் மெயின் பகுதியில் பிறந்தார். கப்பல் தச்சராகிப் பாஸ்டன் நகருக்கு வந்த பின்னரே எழுதப் படிக்கக் கற்றார். ஹிஸ்பானியோலா தீவுக்கு வடக்கே, 1641இல் பவளத்திட்டில் மோதி மூழ்கிய 'கான்செப்சியன்' என்ற ஸ்பானியக் கப்பலின் வெள்ளி அவரை ஈர்த்தது. 1683இல் இங்கிலாந்து மன்னரின் கப்பலில் புதையல் தேடிச் சென்ற பயணம் தோற்றது. ஆயினும் தளரவில்லை. 1687இல் அவருடைய குழுவைச் சேர்ந்த பழங்குடியினர் மூச்சடக்கி மூழ்கி, பவளப் பாறைகளிடையே பீரங்கிகளைக் கண்டனர். இரண்டு இலட்சம் பவுண்டுக்கு மேற்பட்ட செல்வம் மேலே வந்தது! பிப்ஸ் 'சர்' பட்டம் பெற்றார். 1692இல் மாசசூசெட்ஸ் ஆளுநரானார். 1695இல் இலண்டனில் மறைந்தார்.

1978இல் அதே கப்பலைக் காந்தமானியால் மீண்டும் கண்டறிந்தனர். காற்றுக் கலன் சுமந்து மூழ்கி, எஞ்சிய வெள்ளியை எடுத்தனர். அக்கலன் ஏதுமின்றி அன்று உயிரைப் பணயம் வைத்தவர்களை இன்று எத்தனை பேர் அறிவர்?

நம்மில் பலர் வீட்டில் முதன்முதலாகக் கல்லூரி வாயிலை மிதித்தவர்கள். பிப்ஸின் விடாமுயற்சியைக் கற்போம். நாளை பட்டம் பெறும்போது, நமக்காக மூச்சடக்கி உழைத்தவர்களையும் மறவாதிருப்போம்!