செக்கிழுத்தவர் தெரியும்... சிறையில் வாழ்க்கைப் பாடம் சொன்ன வ.உ.சி.யை தெரியுமா?

வ.உ.சி. என்றதும் நம்ம எல்லாருக்கும் ஞாபகம் வருவது இரண்டு விஷயங்கள். ஒன்று கப்பல், இன்னொன்று செக்கு. பள்ளிப் பாடப்புத்தகம் அங்கேயே நின்றுவிடும். கோபத்தை எப்படி அடக்குவது, உடம்பை எப்படிப் பார்த்துக்கொள்வது, குடும்பத்தை எப்படி நடத்துவது என்று முன்பின் தெரியாத மனிதர்களுக்கு எழுத்தில் ஆலோசனை சொன்ன வ.உ.சி. ஒருவரும் இருக்கிறார். இன்றைக்கு ‘செல்ஃப் ஹெல்ப்’ என்று புத்தகக் கடைகளில் தனி அலமாரி வைக்கிறார்களே, அந்த வகை நூல்களைத் தமிழுக்குக் கொண்டுவந்த முன்னோடிகளில் அவரும் ஒருவர்.

அதை எந்த நிலைமையில் இருந்துகொண்டு செய்தார் என்பதுதான் இங்கே முக்கியம்.

வக்கீலாகத் தொடங்கியது

1872 செப்டம்பர் 5 அன்று ஒட்டப்பிடாரத்தில் பிறந்தவர் சிதம்பரம். அப்பா உலகநாத பிள்ளை வக்கீல். மகனும் அதே தொழிலுக்கு வந்தார். 1900-ல் தூத்துக்குடிக்கு இடம் மாறினார். முத்துக்குளிப்புக்குப் பேர்போன இந்தக் கடற்கரை அப்போது பஞ்சும் நூலும் ஏற்றி இறக்கும் பரபரப்பான துறைமுகம். கொழும்புக்குப் போகும் கப்பல் போக்குவரத்து பிரிட்டிஷ் இந்தியா கம்பெனியின் கையில் இருந்தது.

ஏழைகளின் வழக்குகளை ஃபீஸ் வாங்காமல் நடத்தியதால் வக்கீலாகவே அவருக்கு நல்ல பெயர். போலீஸ் கெடுபிடியில் சிக்கியவர்கள் முதலில் தேடிப்போவது இவரைத்தான்.

1906-ல் சுதேசி ஸ்டீம் நாவிகேஷன் கம்பெனி பதிவானது. ஒரு பங்கு 25 ரூபாய், மொத்தம் 40,000 பங்குகள். அதாவது 10 லட்சம் ரூபாய் மூலதனம். அடுத்த ஆண்டே காலியா, லாவோ என்ற இரண்டு கப்பல்கள் வந்து சேர்ந்தன.

1908 பிப்ரவரி 27 அன்று தூத்துக்குடி கோரல் மில் தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். கூலி உயர்வு, வேலை நேரக் குறைப்பு, ஞாயிறு விடுமுறை ஆகியவைதான் கோரிக்கைகள். கூட்டம் போட்டுப் பேசியதோடு வ.உ.சி. நிற்கவில்லை. வேலையில்லாத நாட்களில் தொழிலாளர்களின் வீட்டில் அடுப்பு எரிய வேண்டுமே என்று ஊரில் நிதி திரட்டினார், மாற்று வேலைக்கும் ஏற்பாடு செய்தார். நிர்வாகம் இறங்கி வந்தது.

மார்ச் 12 அன்று வ.உ.சி. கைது செய்யப்பட்டார். ஜூலையில் நீதிபதி பின்ஹே விதித்தது மொத்தம் 40 ஆண்டு தண்டனை. மேல்முறையீட்டில் அது குறைந்தது.

கைதிகளுக்கு ஒரு கையேடு

கோவை சிறையில் மாட்டுக்குப் பதிலாகச் செக்கில் பூட்டப்பட்ட கதை எல்லாருக்கும் தெரியும். அதே சிறைக்காலத்தில்தான் ஜேம்ஸ் ஆலன் என்ற ஆங்கில எழுத்தாளரின் சின்னஞ்சிறு புத்தகம் ஒன்றை அவர் தமிழாக்கினார். 15 வயதில் தந்தையை இழந்து வேலைக்குப் போன ஆலன், மனிதனின் எண்ணமே அவன் வாழ்க்கையை உருவாக்குகிறது என்று எழுதியவர். ‘மனம் போல வாழ்வு’ என்ற பெயரில் 1909-ல் தமிழ் நூல் வெளியானது.

1910 டிசம்பரில் அவரைக் கண்ணனூர் சிறைக்கு மாற்றினார்கள். இன்றைய கேரளத்தின் கண்ணூர்தான் அது. அங்கே உடன் இருந்த கைதிகள் நீதிநூல் சொல்லித் தரும்படி அவரிடம் கேட்டார்கள். அவர்களுக்காகவே எழுதத் தொடங்கியதுதான் ‘மெய்யறிவு’. மொத்தம் 10 தலைப்பு, ஒவ்வொன்றிலும் 10 வெண்பா. தன்னை அறிவது, விதி எப்படி இயங்குகிறது என்று புரிந்துகொள்வது, உடம்பை வளர்ப்பது, மனதை ஆள்வது என்று படிப்படியாக மேலே போகும்.

அடுத்த நூல் ‘மெய்யறம்’. 125 அதிகாரங்கள், ஒவ்வொன்றிலும் பத்துப் பத்து ஒற்றை வரிகள். இன்றைய ட்வீட்டைவிடச் சின்னது! மாணவர், குடும்பஸ்தர், அரசு நடத்துபவர் என்று ஒவ்வொருவருக்கும் தனித்தனிப் பகுதி உண்டு. குடி, சூது, சோம்பலை விடுவதில் தொடங்கி, வாழ்க்கைத் துணையைத் தேர்ந்தெடுப்பது, குழந்தை வளர்ப்பது வரை பேசுகிறார்.

விதி பற்றி அவர் சொல்வது கவனிக்க வேண்டிய ஒன்று. விதி என்பது வெளியிலிருந்து வந்து தலையில் விழும் ஒன்றல்ல, நாம் செய்யும் செயல்களின் விளைவு என்பதே அவர் நிலைப்பாடு. ‘எல்லாம் தலையெழுத்து’ என்று சொல்லக் காரணம் நிறைய வைத்திருந்த கைதிகளுக்கு இந்தப் பேச்சு எவ்வளவு தேவைப்பட்டிருக்கும்!

வெளியே வந்தபோது...

1912 டிசம்பரில் விடுதலை. கப்பல் கம்பெனி அதற்கு முந்தைய ஆண்டே கலைக்கப்பட்டு, கப்பல்களும் கைமாறியிருந்தன. வக்கீல் தொழில் செய்வதற்கான சன்னதும் பறிபோயிருந்தது. சென்னையில் மளிகைக்கடை, மண்ணெண்ணெய் வியாபாரம் என்று எதையெதையோ செய்து பார்த்தார். எதுவும் நிலைக்கவில்லை.

அந்தக் கஷ்டத்துக்கு நடுவிலும் ஆலனை விடவில்லை. 1914-ல் ‘அகமே புறம்’, 1916-ல் ‘வலிமைக்கு மார்க்கம்’ என்று அடுத்தடுத்து வெளியிட்டார்.

இங்கே ஒரு கேள்வி வரும். மனம் போலத்தான் வாழ்வு என்றால், இவ்வளவு உறுதியான மனம் படைத்தவருக்கு ஏன் இப்படி ஒரு வாழ்வு? அவர் தொழிலை முடக்கியது அவருடைய எண்ணமா, ஒரு பேரரசா?

பதிலை அவர் நடந்துகொண்ட விதத்தில் பார்க்கலாம். நல்லதையே நினைத்தால் எல்லாம் தானாக நடக்கும் என்று அவர் உட்கார்ந்திருக்கவில்லை. தென்னாப்பிரிக்க இந்தியர்கள் தனக்காகத் திரட்டிய பணம் வந்து சேராதபோது, காந்திக்குத் திரும்பத் திரும்பக் கடிதம் எழுதிக் கேட்டார். நீண்ட கடிதப் போக்குவரத்துக்குப் பிறகு 1916-ல் 347 ரூபாய் 12 அணா கைக்கு வந்தது. கேட்க வேண்டியதைக் கேட்பதை அவர் கௌரவக் குறைச்சலாக நினைக்கவில்லை.

பின்னாளில் நீதிபதி வாலஸ் உதவியால் சன்னது திரும்பக் கிடைத்தது. அந்த நன்றிக்காகத் தன் மகனுக்கு வாலேசுவரன் என்று பெயர் வைத்தார். ஓர் ஆங்கிலேயரின் பெயர்! பேரரசை எதிர்த்தாலும், தனிமனிதர் செய்த உதவியை அவர் மறக்கவில்லை.

கடைசி நாட்கள்

1932-ல் மறுபடி தூத்துக்குடிக்கே திரும்பினார். 1934-ல் ஆலனின் ‘சாந்திக்கு மார்க்கம்’ வந்தது. முதல் மொழிபெயர்ப்புக்கும் இதற்கும் 25 ஆண்டு இடைவெளி. பணமும் பதவியும் அந்தப் புத்தகங்களால் அவருக்கு வரவில்லை. ஆனாலும் கடைசிவரை அவர் அவற்றை நம்பினார்.

உடல்நிலை மோசமானபோது உயில் எழுதினார். எண்ணெய்க்கடை, ஜவுளிக்கடை பாக்கிகளைக்கூட அதில் குறித்து வைத்தார். 1936 நவம்பர் 18 அன்று தூத்துக்குடி காங்கிரஸ் அலுவலகத்தில் அவர் உயிர் பிரிந்தது.

இன்று தூத்துக்குடி துறைமுகமே அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. ஊருக்கெல்லாம் வழி சொன்னவர், தன் கடைக்காரர் பாக்கியை மறைக்காமல் எழுதி வைத்துவிட்டுப் போனார். அவர் எழுதிய அறநூல்களோடு சேர்த்துப் படிக்க வேண்டியது அந்த உயிலையும்தான்.