ஒப்பந்ததாரர் பூலேவின் வாரிசு

பீர்க்கன்கரணையில் இன்றும் ஏதாவது ஒரு தெருவில் வீடு எழும்பிக்கொண்டுதான் இருக்கிறது. செங்கல், மணல், ஜல்லி இறக்கி, வேலை எடுத்துச் செய்யும் சிறு ஒப்பந்ததாரர்களை நாம் தினமும் பார்க்கிறோம். மகாத்மா ஜோதிராவ் பூலேவும் அந்தத் தொழில் செய்தவர்தான்.

1827-இல் தோட்டக்காரர்களான மாலி சாதியில் பிறந்தவர் பூலே. 1848-இல் புணேயில் பெண்களுக்குப் பள்ளி திறந்தார். பிறகு தீண்டப்படாதோர் பிள்ளைகளுக்கும் நடத்தினார். கட்டுமானப் பொருள்கள் வழங்கியும் அரசு வேலைகளை ஒப்பந்தம் எடுத்தும் சம்பாதித்தார். யாரிடமும் கைகட்டி நிற்காமல் பேச அந்த வருமானம் உதவியது. 1868-இல் தம் வீட்டுத் தண்ணீர்த் தொட்டியைத் தீண்டப்படாதோருக்குத் திறந்துவிட்டார்.

பூலேவுக்கும் சாவித்திரிபாய்க்கும் பிள்ளை இல்லை. கருவுற்ற கைம்பெண்கள் உயிருக்குப் பயப்படாமல் பிள்ளை பெற, 1863-இல் ஓர் இல்லம் தொடங்கியிருந்தார்கள். அங்கு வந்த காசிபாய் என்ற பிராமணக் கைம்பெண்ணின் மகனை 1874-இல் தத்தெடுத்து, யஷ்வந்த் என்று பெயரிட்டு வளர்த்தார்கள்.

மேடையில் சாதியை எதிர்ப்பது ஒன்று; ஊர் இழிவாகப் பார்த்த குழந்தையைத் தன் வாரிசாக்குவது வேறு. அதுவரை பொதுவேலைக்குச் செலவான ஒப்பந்தப் பணம், இப்போது ஒரு பிள்ளையின் எதிர்காலத்தையும் தாங்க வேண்டியிருந்தது. ஆனாலும் பாசம் பூலேவின் கொள்கையை மாற்றவில்லை. 1887-இல் உயில் எழுதியபோது சொத்தை யஷ்வந்துக்கே வைத்தார். அவன் தகுதியற்றவனாகிவிட்டால், உழைக்கும் சாதிகளில் தகுதியான ஒரு பையனைத் தேர்ந்தெடுத்து அவனுக்குத் தர வேண்டும் என்ற நிபந்தனையையும் சேர்த்தார்.

1890 நவம்பர் 28-இல் பூலே இறந்தார். தத்துப்பிள்ளை கொள்ளிச்சட்டி ஏந்தக் கூடாது என்று உறவினர்கள் தகராறு செய்தார்கள். சாவித்திரிபாயே சட்டியைக் கையில் எடுத்து முன்னே நடந்தார்.

யஷ்வந்த் மருத்துவரானார். 1897-இல் புணேயைப் பிளேக் தாக்கியபோது, தாயும் மகனும் நோயாளிகளுக்குச் சிகிச்சை நிலையம் நடத்தினார்கள். நோய் கண்ட மகர் சமூகச் சிறுவன் ஒருவனைத் தூக்கிக்கொண்டு அங்கே ஓடிய சாவித்திரிபாயையும் நோய் பற்றியது. அந்த ஆண்டு மார்ச் 10-இல் அவர் உயிர் பிரிந்தது.

நம் பிள்ளைகளுக்கு என்ன சேர்த்து வைக்கிறோம் என்று தொழில் செய்யும் ஒவ்வொருவரும் கணக்குப் பார்க்கிறோம். அந்தப் பிள்ளை யாருக்குப் பயன்பட வேண்டும் என்பதையும் பூலே தம் கணக்கில் சேர்த்திருந்தார்.